விலையைத் தாங்களே பேசிய விவசாயிகள்

1980-களில் அமெரிக்கக் கிராமங்களில் கடன் தாளாமல் குடும்பப் பண்ணைகள் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1988-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் விரோக்வா ஊரில் சில விவசாயிகள் கூடினார்கள். சுவரொட்டி பார்த்து வந்தவர்கள்! அப்படிப் பிறந்த கூட்டுறவுதான் 'ஆர்கானிக் வேலி'.

காய்கறியில் தொடங்கி, சீக்கிரமே பாலுக்கு வந்தார்கள்.

இயற்கை வேளாண்மைக்கான நாடு தழுவிய அரசு விதிகள் 2002-இல்தான் நடைமுறைக்கு வந்தன. இவர்கள் அதற்கு வெகு முன்பே ரசாயனம் தவிர்த்து விளைவித்து விற்றார்கள். பால் விலையைச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு விட்டுவிடாமல் கூட்டுறவே நிர்ணயித்தது. மாடு வளர்ப்பவருக்கு அடுத்த மாத வருமானம் தெரிவது எவ்வளவு பெரிய பலம்! இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பப் பண்ணைகள் அதில் இருக்கின்றன. இயக்குநர் குழுவை அந்த விவசாயிகளே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இயற்கை விளைபொருள் வாங்குகிறவர்களே, கொடுக்கும் பணத்தில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்று கடையில் கேளுங்கள்.