உடன் நடக்கும் கல்

2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் முதல் வாரம். ரபீஉல் ஆகிர்ப் பிறை தோன்றுகிறதா எனக் காண, மாணாக்கர் சிலருடன் மதரஸாவின் மொட்டைமாடியில் நின்றிருந்தோம். எதிரே திருத்தணி மலைமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கியிருந்தன. அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "ஹஸ்ரத், பூமிக்கு இப்போ ரெண்டு நிலாவாமே! நாம எந்தப் பிறையைப் பார்த்து மாசத்தைத் தொடங்குறது?"

கைப்பேசியில் வந்த செய்தியை அவன் படித்திருந்தான். நாம் நகைத்து, வீண் கதை என்று அவன் வாயை அடைத்துவிட்டோம். உடனிருந்த சிறுவரும் சிரித்தனர். அதன்பின் அவன் வகுப்பில் எதனையும் வினவுவதில்லை. அடக்கமான பிள்ளையாகிவிட்டான் என்று நாமும் மகிழ்ந்திருந்தோம்!

செய்தி முழுதும் வீண் கதையன்று என்பது பிறகே தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலிருந்து கண்டறியப்பட்ட, ஏறத்தாழப் பத்து மீட்டர் அளவுள்ள சிறுகோள் ஒன்று, செப்டம்பர் 29 முதல் நவம்பர் 25 வரை பூமியின் ஈர்ப்பில் அகப்பட்டு, ஒரு சுற்றும் முற்றுப்பெறாமலே பிரிந்து சென்றது. அதனைப் பற்றித் தேடிப் படிக்கப் புகுந்தபோதுதான், அதனினும் வியப்பான மற்றொன்றை அறிந்தோம்.

சிறுகோள் தேடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1861இல் சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் கண்டதற்கு ஆசியா என்று பெயர்; 1988இல் காவலூரில் கண்டறியப்பட்டதற்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர். அவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உலவுவன. நாம் கூற வந்ததோ நம் பாதையிலேயே நடப்பது. 2016 ஏப்ரல் 27 அன்று ஹவாய்த் தீவுகளிலிருந்து கண்டறியப்பட்ட அதன் பெயர் காமோஓஆலேவா. அகலம் 40 முதல் 100 மீட்டருக்குள் இருக்கலாம் என்பர்.

ஆண்டின் நாளுக்கொன்றாக இம்மலைக்கு 365 படிகள் உண்டென்பது ஊரார் வழக்கு. பூமியும் அக்கல்லும் அப்படிகளில் சேர்ந்து ஏறும் இருவர் எனக் கொள்வோம். பூமி ஒரே சீராக நடக்கிறது. கல்லோ பாதி ஆண்டு கதிரவனுக்குச் சற்று அருகே விரைந்து முந்துகிறது. மறுபாதி சற்று விலகிப் பின்தங்குகிறது. ஏறத்தாழ 366 நாளில் அதன் சுற்று முடிகிறது. பூமியிலிருந்து நோக்குவார்க்கு அது நம்மையே வலம் வருவதுபோல் தோன்றும். உண்மையில் இருவரும் சுற்றுவது கதிரவனை. நிலவின் தொலைவைப்போல் 38 மடங்குக்குக் குறையாமலும் 100 மடங்குக்கு மிகாமலும் விலகி நிற்கிறது. மிகவும் விலகத் தலைப்படின், பூமியின் ஈர்ப்பு மெல்லத் திருப்பிவிடுகிறது.

நஹ்வு பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். பெயரைத் தொடரும் அடைமொழி அப்பெயரின் ஈற்றொலியையே தானும் ஏற்பதால் அதனைத் தாபிஃ, அதாவது பின்பற்றுவது, என்பர். ஆயின் ஒரே வினைக்குச் செயப்படுபொருள் இரண்டு வருமிடத்து, ஈற்றொலி ஒத்திருப்பினும் ஒன்று மற்றொன்றைப் பின்பற்றுவதில்லை. இரண்டையும் ஆளும் ஆமில் ஒன்றே. பூமிக்கும் கல்லுக்கும் கதிரவனே ஆமில். கோளைச் சுற்றுவதையும் அரபியில் தாபிஃ என்பர். தமிழிலோ துணைக்கோள் என்கிறோம். நிலவுக்கு அரபுச் சொல் தகும். இக்கல்லுக்குத் துணை என்னும் நம் சொல்லே பொருந்துமெனத் தோன்றுகிறது.

2025 ஜூன் திங்களில் ஒருநாள், எல்லா மாணாக்கரும் இருக்கையில் இவற்றை விளக்கி, அன்று மாடியில் சிரித்தது நம் பிழையென்று அப்பையனிடம் கூறினோம். அவன் தலைகுனிந்தே இருந்தான். பெரிய தொலைநோக்கிக்கும் அது ஒரு புள்ளியாகவே தெரியும் என்றபோதுதான் நிமிர்ந்தான்.

"புள்ளின்னா, கல்லுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க, ஹஸ்ரத்?"

அதன் ஒளியைப் பகுத்துப் பார்த்ததில் நிலவுப் பாறையின் சாயல் தெரிவதாக 2021இல் ஆய்வாளர் வெளியிட்டதையும், அதன் துகளை அள்ளிவரச் சீனா அம்மாதத்துக்கு முந்தைய மே திங்களில் தியன்வென்-2 கலத்தை ஏவியதையும் கூறினோம்.

"அப்படின்னா அதுவும் நம்ம நிலாவோட துண்டுதானா?"

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. கல் வந்து சேரட்டும், பார்ப்போம் என்றோம்.