அப்பாவின் எழுத்தும் என் அவசரமும்

தாசேக் கெலுகோர் வீட்டில் அப்பாவுக்கென்று ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. விண்டோஸ் போட்டால் அதற்கு மூச்சு வாங்கும் என்பதால் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டுவைப் போட்டுக் கொடுத்திருந்தேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்து நினைவுகளைத் தினமும் காலையில் அதில் தட்டச்சு செய்வார். இரண்டு வருட உழைப்பு.

லினக்ஸில் மென்பொருள்களைப் பொதி என்போம். ஒவ்வொன்றையும் எங்கெங்கோ தேடிப் பதிவிறக்கத் தேவையில்லை. டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று எழுதிப் பொதியின் பெயரைக் கொடுத்தால் போதும். நம்பகமான களஞ்சியத்திலிருந்து அது வந்துவிடும். அது இயங்க வேறு எந்தப் பொதிகள் வேண்டுமோ, அவையும் கூடவே வரும். 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனிலிருந்து உபுண்டுவுக்கு வந்த ஏற்பாடு இது. (தன் பெயரோடு அன்றைய காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்துத்தான் அவர் டெபியன் என்று வைத்தார்.)

"அதென்ன ஆப்பு?" என்று அப்பா கேட்டபோது சிரித்தேன். ஒரு சனிக்கிழமை அந்த ஆப்பை நானே வைத்துக்கொண்டேன்.

வட்டில் இடம் குறைந்திருந்தது. பட்டியலில் பைத்தான் என்ற பொதி கண்ணில் பட்டது. இந்த வீட்டில் யார் நிரல் எழுதப் போகிறார்கள்? 'ஆப்ட் ரிமூவ்' என்று தட்டினேன். எவையெல்லாம் நீக்கப்படும் என்று திரை நிறையப் பெயர்கள் வந்தன. கடைசியில், தொடரட்டுமா என்ற கேள்வி. படிக்காமல் 'ஒய்' தட்டினேன்.

உபுண்டுவின் பல பாகங்கள் பைத்தானை நம்பித்தான் நிற்கின்றன. அடித்தூணை உருவினால் கூரை நிற்குமா? மறுமுறை இயக்கியபோது படங்கள் இல்லை, சின்னங்கள் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்.

"என் எழுத்தெல்லாம் போச்சாய்யா?"

அப்பாவின் கோப்புகள் இருக்கும் இடத்தை ஆப்ட் தொடாது. அது எனக்குத் தெரியும். அதைக் காட்டத்தான் அவருடைய கோப்புறையைத் திறந்தேன். அந்த வெறும் திரைக்குத் தமிழ் தெரியாது. தமிழில் பெயரிட்ட கோப்புகள் எல்லாம் கட்டங்கட்டமாக நின்றன. "இதுவா நான் எழுதினது?" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எனக்கும் தொண்டை வறண்டுவிட்டது.

இணைய இணைப்பும் போயிருந்தது. கேபிளைச் செருகி அதை உயிர்ப்பிக்கவே அரை மணி நேரம். ஆப்ட் தான் செய்ததையெல்லாம் ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கும். அதைத் திறந்தால், என் 'ஒய்' தூக்கியெறிந்த பொதிகள் ஒன்று விடாமல் அதில் இருந்தன. நல்லவேளை, ஒவ்வொன்றாகப் போட வேண்டியிருக்கவில்லை. 'உபுண்டு டெஸ்க்டாப்' என்ற ஒரு பெயரைக் கேட்டேன். பைத்தான் உட்பட மற்றவை தாமாகத் தொற்றிக்கொண்டு வந்தன. எழுத்துகள் தமிழாகவே தெரிந்தன. ஆனால் தமிழ் 99 விசைப்பலகை இல்லை. அதைத் தாங்கும் ஐபஸும் பைத்தானோடு போயிருந்தது. அதையும் பெயர் சொல்லி வரவழைத்தபோது இரவு பதினொன்று.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 2021இல், கனடாவின் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப் போய் மொத்த டெஸ்க்டாப்பையும் இழந்தார். அவருக்கும் திரை எச்சரித்தது. அதை மீறி, சொன்னதைச் செய் என்று ஒரு முழு வாக்கியத்தையே தட்டியிருந்தார். நானாவது ஓரெழுத்தோடு நின்றேன்.

இப்போதெல்லாம் கட்டளையோடு ஒரு சிறு கோடும் 'எஸ்' எழுத்தும் சேர்த்து முதலில் ஒத்திகை பார்க்கிறேன். எதையும் நீக்காமல், என்ன நடக்கும் என்று மட்டும் ஆப்ட் சொல்லும். அப்பாவுக்கு அதுவும் போதவில்லை. நான் டெர்மினலைத் திறந்தாலே நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்துகொள்கிறார்.

"எதையெல்லாம் எடுக்கப் போவுது? சத்தமாப் படி."