கோழிகளோடு ஒரு கார்ப் பிரயாணம்

வியாழக்கிழமை, இரவு. இராசிபுரத்துக்கு அருகே.

சித்திரை வெயிலின் வெக்கை அந்தி சாய்ந்த பின்னும் சுவர்களை விட்டு இறங்கவில்லை. அத்தை தம் தோட்டத்துக் கோழிகளில் ஒரு சேவலையும் நான்கு பெட்டைகளையும் எனக்குத் தருவதென்று முடிவு செய்துவிட்டார்கள். செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள என் வீட்டுக்கு அவற்றைக் காரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. சேலம், ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று நீளும் அந்த வழி நமக்கு ஐந்தாறு மணி நேரப் பிரயாணம். அடைபட்ட பறவைக்கு அது எத்தகைய பிரயாணமாயிருக்கும் என்பதைப் புறப்படுவதற்கு முன்னரே யோசித்து வைப்பது, அதைக் கொண்டு செல்பவனுடைய கடமையென்று கருதுகிறேன்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. அதன் தேகத்தின் இயல்பான உஷ்ணமே 41 டிகிரி செல்ஸியஸை ஒட்டியது. கொண்டையின் வழியாகவும் தாடியின் வழியாகவும் சிறிது வெப்பத்தை வெளியேற்றும். அது போதாதபோது அலகைத் திறந்து மூச்சிரைத்து, சுவாசத்தோடு வெளியேறும் ஈரத்தாலேயே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். ஆகையால், ஒரே பெட்டியில் பல கோழிகளை நெருக்கி அடைத்து, காற்றுப் போக வழியில்லாமல் மூடிவிட்டால், அவை விடும் மூச்சினாலேயே பெட்டிக்குள் ஈரம் மிகுந்து, எவ்வளவு இரைத்தாலும் உடல் குளிராத நிலை வந்து, வெளியே நிற்பவருக்கு ஓசை ஏதும் கேட்காமலே அவை மடிந்து போகக்கூடும். தூரத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. காற்றையும் உஷ்ணத்தையும் பற்றியே என் கவலையெல்லாம்.

வெள்ளிக்கிழமை, மாலை.

சந்தையிலிருந்து தக்காளி கொண்டுவரும் பிளாஸ்டிக் பெட்டிகள் சிலவற்றை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டியதில், நாற்புறமும் துவாரங்களுள்ள கூண்டுகள் கிடைத்தன. கோழி நிமிர்ந்து நிற்க உயரம் வேண்டும். ஆனால் சிறகடித்து எழும்புமளவு உயரம் கூடாது. அகலமும் அப்படியே: மிகுதியானால், வண்டி திரும்புந்தோறும் கோழி உருண்டு மோதும். அடியில் செய்தித்தாள் விரிப்பது பலருக்குப் பழக்கம். நான் அதை ஒப்புவதில்லை. ஈரம் பட்ட காகிதத்தில் நகம் பிடிக்காமல் கால் வழுக்கி, தொடை பிசகிவிடும். சாக்கை விரித்து அதன்மேல் வைக்கோலைப் பரப்பினேன். சேவலுக்குத் தனிக் கூண்டு.

இருட்டியபின், அவை அடைந்த இடத்திலேயே பிடித்தோம். இருளில் கோழி மருண்டு ஓடாது. அத்தை ஒவ்வொன்றாக எடுத்து, சிறகுகளை உடலோடு அணைத்து, என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்கள்: “காலைக் கட்டிப் போடாத கண்ணு. கட்டுன கோழி ஒரு பக்கமாவே சாஞ்சு கெடந்து, எறக்கும்போது நிக்கமாட்டாம விழும். நடுவழில வண்டிய வெயில்ல நிறுத்திப்போட்டுச் சோறு திங்கப் போயிராத.”

“சரிங்கத்தை, வெயில் ஏறுமுன்னே வீடு சேந்துருவேனுங்” என்றேன்.

கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு போவதைச் சந்தை நாட்களில் எந்தச் சாலையிலும் காணலாம். அதைக் காணுந்தோறும் என் மனம் பதறுகிறது. நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் தசைத்திரை போன்ற ஒன்று கோழிக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அதன் காற்றறைகளில் காற்று நிறைந்து வெளியேறுகிறது. தலைகீழானால் வயிற்று உறுப்புகளின் பாரமெல்லாம் அந்தக் காற்றறைகளின்மேல் சாய்கிறது. மார்பை இறுகப் பிடித்தாலும் மூச்சு அடைபடுகிறது. பிராணிகளுக்கு அநாவசியமான வேதனை உண்டாகும் விதத்தில் அவற்றை வாகனத்தில் ஏற்றிச் செல்வது 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 1978-ஆம் ஆண்டின் பிராணிப் போக்குவரத்து விதிகளில் கோழிகளுக்கென்றே தனி அத்தியாயம் 2001-இல் சேர்க்கப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. சைக்கிள் கைப்பிடியில் கோழி தொங்குகிறது.

சனிக்கிழமை, பகல். வீடு.

விடியலுக்கு வெகு நேரம் முன்பே புறப்பட்டோம். நேற்று மாலைக்குப் பிறகு தீனி வைக்கவில்லை. தீனிப்பை நிறைந்திருந்தால் குலுக்கலில் வெளியே வந்துவிடும், செரிமானமும் உடலின் உஷ்ணத்தை உயர்த்தும். தண்ணீர் மட்டும் புறப்படும் நேரம்வரை இருந்தது. கூண்டுகளைப் பின் இருக்கையின் இடப்புறத்தில் வைத்து, இருக்கைப் பட்டியால் அசையாமல் பிணைத்தேன். உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் சாலை வடக்கே திரும்புவதால் காலை வெயில் வலப்புறமாகவே விழும் என்பதே அதற்குக் காரணம். டிக்கியில் வைக்கலாமே என்று புறப்படும்போது ஒருவர் சொன்னார். காற்று புகாததும், புகைக்குழாயின் நச்சுப்புகை கசிந்து சேரக்கூடியதுமான அந்த அறையில் உயிருள்ள எதையும் வைக்கலாகாது.

மெல்லிய பருத்தித் துணியால் கூண்டுகளின் மேற்புறத்தை மட்டும் மூடியிருந்தேன். மங்கிய ஒளியில் அவை அமைதியாகப் படுத்துக்கொண்டன. ஏ.ஸி.யை மிதமாக வைத்து, அதன் காற்று நேராக அவற்றின்மேல் படாதபடி திருப்பிவிட்டேன். சுங்கச்சாவடிகளில் வண்டிகள் வரிசையாக நின்ற இடங்களிலும் இஞ்ஜினை நிறுத்தவில்லை. நின்ற காரின் உள்ளே வெயில் புகுந்துவிட்டால் சில நிமிஷங்களிலேயே உஷ்ணம் வெளியைக் காட்டிலும் வெகுவாக ஏறிவிடும். விழுப்புரத்தைத் தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து பார்த்தபோது, ஒரு பெட்டை அலகைத் திறந்து, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டிருந்தது. அதுவே முதல் எச்சரிக்கை. கிண்ணத்தில் தண்ணீர் காட்டி, அதன் மூச்சு நிதானப்பட்டு அலகு மூடும்வரை காத்திருந்தே புறப்பட்டோம். எனக்கு ஒரு டம்ளர் தேநீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கடை வெயிலில் இருந்தது.

பத்து மணிக்குள் வந்து சேர்ந்தோம். முதலில் வெல்லம் கரைத்த தண்ணீர். ஒரு மணி நேரம் கழித்தே தீனி. சேவல் இறங்கியதும் கூவிற்று.

ஞாயிற்றுக்கிழமை.

வந்தவற்றை வீட்டிலிருக்கும் கோழிகளோடு சேர்க்கவில்லை. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோய் போன்றவற்றின் கிருமி, நலமாகத் தோன்றும் கோழியின் உடலிலும் தங்கியிருந்து, பிரயாணக் களைப்பில் வெளிப்படலாம். மூன்று வார காலமாவது தனிக் கொட்டகை, தனித் தண்ணீர்த் தட்டு. பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போவது. இரு வேளையும் சோப்பிட்டுக் கை கழுவுவது. கூண்டில் பரப்பிய வைக்கோலை எரித்துவிட்டு, காரின் விரிப்புகளைக் கழுவி வெயிலில் போட்டேன்.

கோழி வாங்கச் சந்தைக்குச் செல்லும் அன்பர்கள் புறப்படும்போதே துவாரமுள்ள ஒரு பெட்டியையும் ஒரு சாக்கையும் உடன் எடுத்துச் செல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.