மியூனிக்கில் ஒரு கல்யாண வரவேற்பு: பீப்பாயா, புட்டியா?

“கல்யாண விருந்தில் பீரா? ராமா ராமா!” என்று கன்னத்தில் போட்டுக் கொள்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் போட்டுக் கொண்டேன்.

என் அக்கா மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். கூடப் படித்த மியூனிக் பையனையே கட்டிக் கொண்டாள். திருச்சியில் தாலி கட்டியாயிற்று. பையனின் ஊரில் ஒரு வரவேற்பு வைக்க வேண்டுமே! அதற்காக அக்கா, அத்தான், நான் மூவரும் போன வருஷம் ஜூன் மாதம் விமானம் ஏறினோம்.

மறுநாளே சம்பந்தியம்மாள் ஊரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். மரியன் சதுக்கத்தில் ஒரே கூட்டம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். சரியாகக் காலை 11 மணிக்கு நகரசபைக் கோபுரத்தில் மணிகள் இசைக்க, வண்ண வண்ணப் பொம்மைகள் சுழல ஆரம்பித்தன. மேல் தட்டில் ஒரு கல்யாணக் கொண்டாட்டம். 1568ல் பவேரியாவின் வில்ஹெல்முக்கும் லொரெய்ன் தேசத்து ரெனாட்டாவுக்கும் நடந்த கல்யாணமாம்! கீழ்த் தட்டில் சிவப்புச் சட்டைக்காரர்கள் நடனம் ஆடுகிறார்கள். யாரென்று கேட்டால், பீப்பாய் செய்யும் தொழிலாளர்கள்!

“மேலே கல்யாணம், கீழே பீப்பாய். எங்க ஊரே அவ்வளவுதான்,” என்று சிரித்தார் சம்பந்தியம்மாள். அக்கா மகள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு.

அவர் சொன்னதும் நிஜம்தான். உலகமெல்லாம் பேசுகிற அக்டோபர் திருவிழாவே ஒரு கல்யாணத்தில் பிறந்ததுதான். 1810 அக்டோபர் 12ம் தேதி இளவரசர் லூட்விக், தெரேஸாவை மணந்தார். அதைக் கொண்டாட ஊருக்கு வெளியே புல்வெளியில் குதிரைப் பந்தயம் வைத்தார்கள். அதுவே வருஷா வருஷம் தொடர்ந்தது. அந்தப் புல்வெளிக்கு இன்றும் மணப்பெண்ணின் பெயர்தான்.

அப்புறம் மரநிழலில் உட்கார்ந்தோம். அங்கே பீர்த் தோட்டங்களில் பெரிய பெரிய செஸ்ட்நட் மரங்கள். கீழே பாதாள அறையில் இருக்கும் பீர் சூடேறாமல் இருக்க அந்தக் காலத்தில் நட்டதாம். பல தோட்டங்களில் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக் கொண்டு போகலாம். குழந்தை குட்டிகளுடன் தாய்மார்கள் டப்பாவைத் திறந்து சாப்பிடுவதைப் பார்த்தபோது, நம்ம ஊர் ஆடிப்பெருக்கு காவிரிக்கரைதான் ஞாபகம் வந்தது.

அங்கேதான் சம்பந்தியம்மாள் திட்டத்தைச் சொன்னார். வரவேற்பு மண்டபத்தின் நடுவில் மரப் பீப்பாய். பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் சேர்ந்து சுத்தியலால் குழாயை அடித்து இறக்க வேண்டும். முதல் இரண்டு கிளாஸும் அவர்களுக்கு!

அக்காவின் முகம் வெளுத்து விட்டது. அத்தான் குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முன் அந்த வீடு பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ராத்திரி அக்கா தூங்கவில்லை. “சொன்னா நம்மை என்ன நினைப்பாங்க? சொல்லாம இருந்தா இவர் கதி என்னடி?” என்று புலம்பினாள். பக்கத்து அறையில் இருந்த அத்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து வந்தார். “இதில் வெட்கப்பட என்ன இருக்கு? நானே சொல்லிடறேன்,” என்றார்.

காலையில் சொல்லியும் விட்டார். சம்பந்தி ஒரு கேள்வி கேட்கவில்லை. அத்தான் தோளில் கை வைத்து, “முன்னாலேயே சொன்னீர்களே, ரொம்ப நல்லது,” என்றார். அப்புறம் எல்லோருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

பீப்பாய் பார்க்க அழகுதான். ஆனால் சங்கடங்கள் உண்டு. 30 லிட்டர் பீப்பாய் என்றால் 60 அரை லிட்டர் கிளாஸ். முதல் நாளே குளிர வைக்க வேண்டும். குழாயை அடித்துத் திறந்து விட்டால் காற்று புகுந்து நுரை அடங்கி விடும். சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். ‘தீர்க்கணுமே’ என்றே ஊற்றுவார்கள்! புட்டி அப்படி இல்லை. பெட்டிக்கு 20 புட்டி. கடைக்காரரிடம் முன்னதாகப் பேசிக் கொண்டால், திறக்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்துக் கொள்கிறார். வேண்டியவர் வேண்டியதை மட்டும் வாங்குவார்.

ஆகவே, புட்டிதான் என்று முடிவாயிற்று. அதையும் நடு மண்டபத்தில் வைக்காமல் பக்கத்து அறையில் வைத்தார்கள். தட்டில் ஏந்திக் கொண்டு மேஜை மேஜையாக யாரும் வரக் கூடாது. மேஜைகளில் தண்ணீரும் பழரசமும் மட்டும்.

சம்பந்தியம்மாளின் மூத்த மருமகள் அப்போது முழுகாமல் இருந்தாள். கர்ப்பிணிகளுக்கு இவ்வளவு குடித்தால் தோஷமில்லை என்று ஓர் அளவே கிடையாது. ஒரு சொட்டும் வேண்டாம் என்பதுதான் டாக்டர்கள் வாக்கு. எலுமிச்சைப் பானம் கலந்த பீர் லேசாகத் தெரிந்தாலும் அதுவும் மதுவே. ‘மதுவில்லாத பீர்’ என்று ஒன்று விற்கிறார்கள். அதிலும் அரை சதவீதம் வரை மது இருக்கலாம். அதை விட, அந்த வாசனையும் ருசியுமே குடியை விட்டவரைப் பழைய பாதைக்கு இழுத்துவிடக் கூடும். “எனக்கு அதுவும் வேண்டாம்,” என்று அத்தான் தெளிவாகச் சொல்லி விட்டார்.

வரவேற்பு அன்று சம்பந்தி எழுந்து நின்றார். அவர் கையிலும் அத்தான் கையிலும் பிடி வைத்த ஒரே மாதிரி கண்ணாடிக் குவளை. உள்ளே பொன்னிறமாக, குமிழி விட்டுக் கொண்டு... அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் அது ஆப்பிள் ரசமும் சோடாவும் கலந்த பானம்! இரண்டு குவளையிலுமே அதுதான். அங்கே குவளையை மோதும்போது கண்ணோடு கண் பார்க்க வேண்டுமாம். இருவரும் பார்த்துக் கொண்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

நம் வீட்டு விசேஷங்களில் பீர் கிடையாதுதான். ஆனால் மண்டபத்துக்குப் பின்னால், கார் டிக்கியில் நடப்பது நமக்குத் தெரியாதா என்ன? “ஒரு நாள்தானே, மாப்பிள்ளைக்காக ஒரு வாய்,” என்று வற்புறுத்தும் குரலும் தெரிந்ததுதானே? ஒருவர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் கையில் வேறொரு குவளையைக் கொடுப்பதுதான் உபசாரம். இதைக் கற்றுக் கொள்ள நான் மியூனிக் வரை போக வேண்டியிருந்தது!