வளசரவாக்கத்தில் ஒரு மாலை

பனையோலைக் கைப்பணிப் பொருட்களுக்குக் கொள்வனவாளர் தேடிச் சென்னை சென்றிருந்தேன். பலாலியில் 2019இல் திறக்கப்பட்ட சர்வதேச விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கு போய்ச் சேரலாம்.

கடை கடையாக ஏறி இறங்கிய பின், வளசரவாக்கத்தில் பழைய தோழியர் இருவரைச் சந்தித்தேன். ஒரே நிலையத்தில் கடகமும் நீத்துப்பெட்டியும் இழைத்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுடன் பிரிந்தோம். அவர்கள் வன்னி, மன்னார் என அலைந்து, படகேறி இராமேஸ்வரம் போனவர்கள்.

புட்டும் சம்பலும் பரிமாறியபடி, யார் யார் உயிரோடிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். பிறகு ஒருத்தி என் மாதிரிப் பையைத் திருப்பிப் பார்த்து, "இதென்னடி, விளிம்பு இறுக்கம் காணாது" என்றாள். வீட்டு வேலை செய்து பிழைத்தாலும் அவள் கை தொழிலை மறக்கவில்லை. இருந்த இடத்திலேயே அவிழ்த்துக் கட்டித் தந்தாள்.

அவளுடைய மகள் தமிழ்நாட்டில் பிறந்தவள். ஊர் திரும்ப ஆசை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் குடியுரிமைக்குப் பதிய வேண்டும். தாயின் பிறப்புச் சான்றிதழோ இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பிறப்பைப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். விபரங்களை எழுதி வாங்கி வந்து விண்ணப்பித்துள்ளேன்.

தோழியரே, வேலையாக வெளிநாடு போக நேர்ந்தால் பழைய சிநேகிதிகளைத் தேடிப் பாருங்கள். நலம் விசாரிப்பதோடு நின்றுவிடாமல், ஊரில் என்ன பத்திரம் எடுக்கவேண்டும் என்றும் கேளுங்கள். அங்கிருந்து அவர்களால் முடியாத அலைச்சல், இங்கிருக்கும் எமக்கு ஒருநாள் வேலைதான்.