உறுமல் எந்த வழியால் வருகிறது

வெள்ளாங்குளத்தில் றேடியோ, அம்பிளிபயர் திருத்துகிற எனக்கு முதல் ஆசான் சைக்கிள் டைனமோதான். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், வன்னியில் கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். தீர்ந்துபோன பற்றறியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். அதுவும் கைவிட்டால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, சுற்றியிருப்பவர்கள் பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். 6 வோல்ற், 3 வாற்ஸ் டைனமோ தருவது ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட் வைத்து மாற்றினாலும் அலை முழுதாக அடங்காது. செய்திக்குப் பின்னால் ஒரு உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். பெடலை வேகமாகச் சுற்றினால் உறுமலும் மேலே ஏறும், கை தளர்ந்தால் கீழே இறங்கும். பெரிய கொண்டென்சர் ஒன்றைக் குறுக்கே போட்ட பிறகுதான் வாசிப்பவரின் மூச்சுக்கூடக் கேட்கும். ஸ்பீக்கரில் நாம் கேட்பது பாட்டின் வடிவத்துக்கு வெட்டப்பட்ட கரண்டைத்தான் என்று அப்போதே விளங்கியது.

போர் முடிந்து மீள்குடியேறி, லைன் கரண்ட் வந்த பிறகும் வேலை அதேதான். 230 வோல்ற், 50 ஹேட்ஸ் என்று எழுதியிருக்கும். ஆனால் அதே கம்பியில் பிறிட்ஜ் மோட்டர், மலிவான எல்.இ.டி. பல்ப், போன் சாஜர் எல்லாம் தங்கள் இரைச்சலையும் ஏற்றிவிடுகின்றன. மலிவு இன்வேட்டர் தரும் கரண்ட் படிக்கட்டாக வெட்டுண்டு வருவதால் டிரான்ஸ்போமரே ரீங்கரிக்கும்.

இரைச்சல் என்று ஒருவர் செட்டைக் கொண்டுவந்தால் திறக்குமுன் காதால்தான் சோதிப்பேன். சத்தத்தை முழுதாகக் குறைத்த பிறகும் உறுமல் கேட்கிறதா? அப்படியானால் அது பவர் பகுதியிலேயே இருக்கிறது. பெரும்பாலும் வெக்கையில் காய்ந்துபோன கொண்டென்சர். அந்த உறுமல் 100 ஹேட்ஸ், ஏனென்றால் டயோட் பாலம் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுகிறது. சத்தத்தோடு சேர்ந்து உறுமலும் ஏறினால் அது உள்ளீட்டு வயரால் வருகிறது. ரீவீ டிஷ் வயரைக் கழற்றியதும் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள். தகரப் பெட்டியில் கை வைத்ததும் குறைந்தால் எர்த்தே கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம். இலங்கையில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனி எர்த் கம்பி மண்ணில் அடிக்கிறோம். அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். சோளகக் காலத்தில் எங்கள் மணல் கலந்த நிலம் காய்ந்து, எர்த்தின் தடை ஏறிவிடும். கடற்கரைப் பக்கம் தேவன்பிட்டியில் மண் உப்போடு ஈரமாக இருக்கிறது, ஆனால் அந்த உப்பே கம்பியை அரிக்கிறது. உப்புக் காற்று பிளக் முள்ளிலும் திருகாணியிலும் பச்சை பூக்கவைக்கும். அங்கே கரண்ட் விட்டுவிட்டுப் பாய்ந்து ஸ்பீக்கரில் படபடக்கும். முள்ளைச் சுரண்டி, திருகாணியை இறுக்கி, கம்பியைக் கிணற்றடியின் ஈர மண்ணில் ஆழமாக அடித்தாலே பாதிக்கு மேல் சரியாகிவிடுகிறது.

இதைச் செய்யாமல் விலை கூடிய பவர் வயர் வாங்குவது வீண்செலவு. ஸ்டெபிலைசரும் வோல்ற்றைத்தான் நிலையாக வைக்கும், இரைச்சலை நிறுத்தாது. உண்மையாகவே சுத்தமான கரண்டில் பாட்டுக் கேட்க ஆசைப்படுபவருக்கு 12 வோல்ற் கார் பற்றறியும் கார் அம்பிளிபயரும் போதும், சாஜரைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். நாதஸ்வரம் ஓயும் இடத்தில் பின்னால் ஒன்றுமே கேட்காது. எனக்கு அதைவிட நல்ல சத்தம் தெரியாது.

உறுமலை நிறுத்த எர்த் வயரை வெட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டினால் உறுமல் நிற்கவும் கூடும். தயவுசெய்து வெட்டாதீர்கள். உள்ளே லைன் வயர் தகரத்தில் பட்டால் அந்தக் கரண்ட் மண்ணுக்குப் போகும் வழி அதுதான். அது இல்லாவிட்டால் பெட்டியைத் தொடுகிற பிள்ளையின் உடம்பே வழியாகிவிடும். பதிலாக, சோளகம் ஓயுமுன், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, பழகிய மின்வேலைக்காரரைக் கூப்பிட்டு உங்கள் வீட்டு எர்த்தை அளந்து பாருங்கள்.