உப்புத்தாள்



இந்த வாரச் சிந்தனை ஓர் அறிக்கை. பிரசங்க பீடத்தில் நின்று சொல்லத் துணிவு வரவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பழைய கார் வாங்கியதை நீங்கள் அறிவீர்கள். வாங்கிய நாளில் அது கண்ணாடிபோல் மின்னியது. ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பளமுமாக இருக்கும் நம் தூத்துக்குடியில் முதல் ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தபோது, பின்சக்கர வளைவின்மேல் பயறளவில் ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. மறு ஆண்டு அது நான்காயிற்று. கூரையின் பளபளப்போ, வெயிலில் வெந்த தோல்போல் வெள்ளைச் செதில்களாக உரியத் தொடங்கியது.

இவ்வாண்டு அதை விற்க எண்ணினேன். அண்மையில் வேலையில் சேர்ந்த நம் சபை இளைஞர் ஒருவர் 1,60,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் வாழ்வின் முதல் கார் அது. "ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி" என்றேன். "ஐயா ஓட்டின வண்டி, பார்க்க என்ன இருக்கு?" என்று சிரித்தார்.

கொடுக்குமுன் சற்றுப் பொலிவாக்கலாமென்று ஒரு பெயின்ட் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த முதிய அண்ணாச்சி பொறுமையாக விளக்கினார். தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் மேற்பரப்பைச் சமன் செய்யும் பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். இரண்டு தலைமயிரின் தடிப்பு. கூரையில் கெட்டது வெயிலால். மேற்பூச்சு மட்டுமே போயிற்று. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் உரிந்தது ஒட்டாது. தேய்த்துவிட்டுப் புதிதாக அடிக்கவேண்டும். ஆனாலும் அது பார்வைக்குரிய குறை மட்டுமே.

சக்கர வளைவின் கதை வேறு. அண்ணாச்சி ஒரு சிறு காந்தத்தை அங்கே வைத்தார். அது பிடிக்காமல் வழுக்கி விழுந்தது. "உள்ளே தகடு இல்லைங்க ஐயா, பட்டிதான். உங்களுக்கு முன்னமே யாரோ துருவை மூடிப் பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றார். அருகிலிருந்த ரப்பர் பீடிங்கில் தூவியிருந்த பெயின்ட் துளிகளையும் காட்டினார். ஐந்து ஆண்டுகளாக என் கண்முன் இருந்தும் நான் காணாதவை அவை. எனக்கு விற்றவர்மேல் கோபம் மூண்டது.

பின்பு நான் கேட்டதைத்தான் உங்களிடம் அறிக்கையிடுகிறேன். "அதேபோல் மறுபடியும் மூடித்தர எவ்வளவு ஆகும்?"

"ஆறாயிரம். ஆனா அடுத்த மழையைத் தாங்கும்னு சொல்லமாட்டேன்."

"அது போதும்" என்றேன்.

அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து வேறொரு வண்டியைத் தேய்க்கப் போய்விட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எசேக்கியேல் பதின்மூன்றாம் அதிகாரத்தில், உறுதியற்ற சுவருக்குச் சாந்து பூசி மறைத்தவர்களை நோக்கித் தீர்க்கதரிசி பேசுகிறார். மழை வந்ததும் அந்தச் சுவர் விழுகிறது. சென்ற லெந்து நாட்களில் அதை நானே பிரசங்கித்தேன். மதியம் எவர்மேல் கோபங்கொண்டேனோ, மாலைக்குள் நானே அவராகியிருந்தேன். பிறர் நமக்கு எதைச் செய்யவேண்டுமென்று விரும்புகிறோமோ அதையே அவர்களுக்குச் செய்யும்படி ஆண்டவர் கற்பித்திருக்க, எனக்குச் செய்யப்பட்ட தீங்கையே என்னை நம்பிய பிள்ளைக்குச் செய்யத் துணிந்தேன்.

மறுநாள் அந்த இளைஞரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்று, பட்டியை உடைத்துக் காட்டும்படி அண்ணாச்சியிடம் கேட்டேன். உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் துருப்பிடித்த ஓட்டை. அரித்த தகட்டை வெட்டியெடுத்து, புதுத்தகடு வைத்துப் பற்றவைத்து, கூரையையும் சேர்த்து முறையாகப் பெயின்ட் அடிக்க 22,000 ரூபாய் ஆகும் என்றார். அத்தொகையை விலையில் குறைத்துக்கொண்டேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று எண்ணியிருந்த பணம் அது. இப்போது அபராதத்தோடு தாமதமாகக் கட்டுகிறேன்.

இளைஞர் அந்த ஓட்டையை நெடுநேரம் பார்த்தார். "இது நேற்றே தெரியுமா ஐயா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

வண்டியை அவர் எடுத்துக்கொண்டார். "ஐயா ஓட்டின வண்டி" என்று மட்டும் மறுபடியும் சொல்லவில்லை. அந்த நம்பிக்கை ஒரு நாளில் திரும்பாது என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பிரியமானவர்களே, பழைய வண்டி வாங்குகிறவர்கள் துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைக் கையில் கொண்டுபோங்கள். சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் கதவுகளின் அடியையும் ரப்பர் ஓரங்களையும் பாருங்கள். விற்கிறவர்களோ, வாங்குபவரின் காந்தம் வருமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

துருவின்மேல் எந்தப் பூச்சும் நிலைக்காது. வெள்ளைத்தகடு தெரியும்வரை தேய்த்த பின்னரே அடிப்பூச்சு பிடிக்கும் என்றார் அண்ணாச்சி. தேய்க்கும்போது வண்டி முன்னிலும் அலங்கோலமாகத்தான் தோன்றும். இந்த வாரம் நான் அந்த நிலையில் உங்கள் முன் நிற்கிறேன்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் மூடிவைத்ததை நீர் அறிவீர். அதைத் திறந்து காட்டும் துணிவையும், அதன் விலையைச் செலுத்தும் மனதையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்